இருவழி வானொலியும் அதனை நிரற்படுத்தும் சிக்கன வழிகளும்

கருவி ஒன்றை விலைகொடுத்து வாங்குதல் வேறு. அதனை ஆளுதல் வேறு. கையில் இருக்கும் கருவி அறிவினுள்ளும் புகுந்தாலன்றி வாங்கியவனுக்கு அது முற்றும் உரியதாகாது. இவ்வுண்மையைக் காட்டவல்ல சான்றுகளுள் இருவழி வானொலியும் ஒன்றாகும். ஐம்பது அமெரிக்க வெள்ளிக்கும் குறைந்த விலைக்கு இன்று கிடைக்கும் கையடக்க வானொலி, பேசவும் கேட்கவும் வல்லதாயினும், உரிய எண்கள் அதனுள் இடப்படாதவரை உரியவரோடு தொடர்புகொள்ள உதவாது. அவ்வெண்களை இடும் தொழிலே நிரற்படுத்தல் எனப்படும். ஒருகாலத்தில் அத்தொழில் உற்பத்தியாளரிடமும் அவர்தம் முகவரிடமும் பெரும்பாலும் அடங்கிக் கிடந்தது. இன்று பள்ளி மாணவனும் சிறு செலவிற் பயிலத்தக்கதாய் அது எளிமையுற்றுள்ளது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதனாற் கிடைத்த வழிகள் யாவை, அவ்வழிகளிற் செல்வோர் கொள்ளவேண்டிய கட்டுப்பாடு யாது என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவழி வானொலியின் இயல்பு

வீடுகளிற் பாட்டும் செய்தியும் கேட்கப் பயன்படும் வானொலிப்பெட்டி ஒரு வாங்கி மட்டுமே. இருவழி வானொலியோ வாங்கியும் செலுத்தியும் ஒருங்கே அமைந்தது. பொத்தானை அழுத்தியவழிப் பேசும்; விட்டவழிக் கேட்கும். பொலிசார், தீயணைப்போர், நோயாளர் வண்டியினர், கப்பலோட்டுவோர் எனப் பலரும் இதனைத் தொழிலுக்குப் பயன்படுத்துவர். இவரின் வேறாக, ஊதியங் கருதாது, அறிவு வேட்கையினால் மட்டும் வானொலியைக் கையாள்வோர் ஒரு சாரார் உளர். இவரே ஆர்வலர் வானொலியாளர். ‘ஹாம்’ என்பது இவர்க்கு உலக வழக்கிலுள்ள பெயர். இவர் தேர்வெழுதி அநுமதிப்பத்திரம் பெற்று, தமக்கென வழங்கப்பட்ட அழைப்புக் குறியோடு வானலையிற் பேசுவர்.

பொழுதுபோக்காகத் தோன்றும் இம்முயற்சி பொழுதுபோக்கின் அளவில் நின்றுவிடுவதன்று. 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை எழுந்தபோது, ஆர்வலர் வானொலி நடத்தும் பொருட்டு இந்தியப் பெண்மணி பாரதி பிரசாத்தும் அவர் குழுவினரும் அந்தமான் தீவின் போட் பிளேயரில் தங்கியிருந்தனர். தொலைபேசித் தொடர்பு அறுபட்ட அத்தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உற்றாரின் செய்திகளை அவர்கள் வானொலிவழிக் கொண்டுசேர்த்தனர். இடர் வந்தபின் கருவியை ஆயத்தஞ் செய்தல் இயலாது. முன்னரே ஆயத்தமாயிருந்த கருவியே அன்று உதவிற்று. நிரற்படுத்தல் என்பதன் பயன் ஈண்டு விளங்கும்.

கருவியுள் இடப்படும் எண்கள்

கையடக்க வானொலியின் வலு பெரும்பாலும் ஐந்து வாற்று அளவிலே அடங்குவது. மலையும் கட்டடமும் மறித்தால் அதன் அலை தொலைவு செல்லாது. ஆதலின் உயர்ந்த குன்றுகளில் மீட்டனுப்பு நிலையங்களை ஆர்வலர் நிறுவுவர். அத்தகைய நிலையம் ஒரு மீடிறனிற் கேட்டதை, மறுகணமே வேறொரு மீடிறனில், மிக்க வலுவுடன் திருப்பி அனுப்பும். ஐக்கிய அமெரிக்காவிலே 1970களில் ஆர்வலரிடையே பெருவழக்காயிருந்த இணை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நிலையம் 146.34 மெகாஹேட்சிற் கேட்கும், 146.94 மெகாஹேட்சிற் பேசும். இரண்டற்கும் இடைப்பட்ட வேறுபாடு 600 கிலோஹேட்சு. அதனைப் பயன்படுத்த விரும்புவோரின் கருவி இதற்கு மறுதலையாக, 146.94 இற் கேட்டு 146.34 இற் பேசுதல் வேண்டும்.

இவ்விரு மீடிறன்களேயன்றி வேறு சிலவும் வேண்டப்படும். பல நிலையங்கள் 67.0 ஹேட்சு முதல் 254.1 ஹேட்சு வரையுள்ள தாழ்ந்த தொனிகளுள் ஒன்றைத் தமக்குரிய திறவுகோலாகக் கொண்டுள்ளன. பேச்சோடு அத்தொனியும் உடன்வந்தாலன்றி நிலையத்தின் கதவு திறவாது. கேட்போரின் கருவி அதனை ஒலிபெருக்கிக்கு முன்பே வடித்துவிடுதலின் அது காதிற் படுவதில்லை. இவற்றோடு செலுத்தும் வலு, அலைவரிசையின் அகலம், நிலையத்தின் பெயர் என்பனவுஞ் சேர, ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஐந்தாறு விவரங்கள் ஆகும். 128 அலைவரிசைகளைக் கொள்ளும் கருவி ஒன்றில் அறுநூறுக்கு மேற்பட்ட விவரங்களை இடல்வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

பளிங்கிலிருந்து எண்ணுக்கு

முற்காலத்து இருவழி வானொலியில் மீடிறனை நிருணயித்தது குவாட்சுப் பளிங்காகும். மென்தகடாக வெட்டப்பட்ட அப்பளிங்கு, தன் தடிப்புக்கேற்ற ஒரு மீடிறனில் மட்டுமே அதிரும். கருவியின் சுற்றுக்கள் அவ்வதிர்வைப் பலமடங்காக்கி வேண்டிய மீடிறனைப் பெறும். பன்னிருமடங்காக்கும் செலுத்தி ஒன்றில் 146.34 மெகாஹேட்சு வேண்டுமாயின், 12.195 மெகாஹேட்சில் அதிரும் பளிங்கு தேவைப்படும். ஓர் அலைவரிசைக்குச் செலுத்துதற்கு ஒன்றும் வாங்குதற்கு ஒன்றுமாக இரு பளிங்குகள் வேண்டும். அவற்றை உரிய அளவுக்கு வெட்டித் தரும்படி பணித்து, விலை செலுத்தி, பல கிழமைகள் காத்திருத்தல் அக்கால ஆர்வலரின் வழக்கமாயிருந்தது. வாடகை வண்டிகளிலும் பொலிஸ் வண்டிகளிலும் பயன்பட்டுக் கழிக்கப்பட்ட கருவிகளை அவர்கள் மலிவாகப் பெற்றனராயினும், பளிங்கின் விலை அவர்தம் ஆசைக்கு எல்லையிட்டது.

நிலைமை மாறுதற்கு ஏதுவாயிருந்தது மீடிறன் தொகுப்பி என்னும் சுற்றாகும். இதிலே பளிங்கு ஒன்றே உண்டு. அஃது அளவுகோல்போல நிற்கும். மற்றோர் அலையாக்கியின் மீடிறனை ஓர் எண்ணால் வகுத்து, வந்த ஈவை அவ்வளவுகோலோடு ஒப்பிட்டு, வேறுபாடு காணின் அதனைத் தானே திருத்திக்கொள்ளும் வகையில் இச்சுற்று அமைந்துள்ளது. அளவுகோல் 5 கிலோஹேட்சு எனவும் வகுக்கும் எண் 29,388 எனவுங் கொண்டால், அலையாக்கி 146.94 மெகாஹேட்சில் நிலைபெறும். வகுக்கும் எண்ணை ஒன்று கூட்டினால் மீடிறன் 5 கிலோஹேட்சு உயரும். பளிங்கை மாற்றவேண்டியதில்லை, எண்ணை மாற்றினாற் போதும். வெட்டி எடுக்கப்படும் பொருளாயிருந்த மீடிறன், எழுதிவைக்கப்படும் எண்ணாயிற்று. அவ்வெண்ணைத் தொடக்கத்தில் இருவாயிகளின் அடுக்காலும், பின்னர் மின் துண்டிக்கப்பட்டாலும் அழியாத நினைவகச் சில்லுகளாலும் கருவியுள் நிலைபெறச் செய்தனர்.

பூட்டும் திறவுகோலும்

எண்ணை எழுதுதல் எளிதெனினும், எழுதும் உரிமை எளிதிற் கிட்டவில்லை. ஆர்வலர்க்கெனச் செய்யப்படுங் கருவிகளில் எண்விசைகள் முகப்பிலேயே உண்டு. தொழிற் பயன்பாட்டுக்குரிய கருவிகளிலோ, பயன்படுத்துவோர் தாம் நினைத்தவாறு மீடிறனை மாற்றுதல் பொதுவாகத் தடுக்கப்பட்டுள்ளது. இதற்கு நியாயமான காரணம் உண்டு: வண்டியோட்டி ஒருவர் தவறி விசையை அழுத்திப் பிறர் அலைவரிசையிற் புகுதல் ஆகாது. ஆகவே அக்கருவிகளுக்கு உற்பத்தியாளரின் மென்பொருளும் தனிப்பட்ட இணைப்புச் சாதனமும் இன்றியமையாதன ஆயின.

மொற்றறோலா நிறுவனத்தின் மக்ஸ்ராக், ஜீ.எம். 300 என்னுங் கருவிகளை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அவற்றிற்குரிய மென்பொருள் டொஸ் என்னும் பழைய இயக்க முறைமையில் ஓடுவது. அக்காலக் கணினியின் வேகத்தை உளங்கொண்டு எழுதப்பட்டமையால், பின்வந்த விரைந்த கணினிகளில் அஃது ஒழுங்காக இயங்கவில்லை. எழுதும் வேளையிலே தொடர்பு பிறழ்ந்தாற் கருவி செயலற்றுப் போதலும் உண்டு. எனவே அலுவலகங்கள் கழித்துவிட்ட பழங்கணினி ஒன்றை இதற்கெனவே பேணிவைத்தல் ஆர்வலரிடையே வழக்கமாயிற்று. பழையதைப் போற்றுதல் சிக்கனத்துக்கு ஒரு வழியாதல் இதனால் விளங்கும்.

சிறு செலவிற் செய்யத்தக்க வழிகள்

முதலாவது வழி, செலவேயில்லாத வழி: முகப்பிலுள்ள விசைகளால் ஒவ்வொன்றாக இடுதல். பத்துப் பன்னிரண்டு அலைவரிசைகளுக்கு இதுவே போதும். இவ்வாறு கையால் இட்டுப் பழகியவர்க்கே நிலைய இணை, தொனி, வேறுபாடு என்பன தெளிவாக விளங்கும். ஆதலால் மாணவர் இதிலிருந்தே தொடங்குதல் நன்று.

இரண்டாவது வழி படியெடுத்தல். ஒரேவகைக் கருவிகள் இரண்டினை ஒரு வடத்தால் இணைத்து, ஒன்றிலுள்ளதை மற்றொன்றுக்கு அப்படியே மாற்றுதல் யேசு நிறுவனத்தின் கருவிகள் பலவற்றில் இயலும். சங்கமொன்றிலுள்ள இருபது பேர் ஒரேவகைக் கருவியை வைத்திருப்பின், ஒருவர் செம்மையாக நிரற்படுத்தினாற் போதும். ஏனையோர் அதனைப் படியெடுக்கலாம். கணினி வேண்டியதில்லை.

மூன்றாவது வழி கணினியோடு இணைக்கும் வடத்தைத் தாமே அமைத்தல். இதன் தத்துவம் பள்ளிப் பௌதிகத்துக்கு அப்பாற்பட்டதன்று. பழைய கணினிகளின் ஆர்.எஸ். 232 என்னும் வாயில், 1 என்னும் இலக்கத்தை எதிர் 3 முதல் எதிர் 15 வோல்ற்று வரையுள்ள அழுத்தத்தாலும், 0 என்பதை நேர் 3 முதல் நேர் 15 வோல்ற்று வரையுள்ள அழுத்தத்தாலும் குறிக்கும். வானொலியின் உள்ளிருக்கும் சில்லோ 0 வோல்ற்றையும் 5 வோல்ற்றையும், சிலவற்றில் 3.3 வோல்ற்றையும் மட்டுமே அறியும். அதிலே உயர்ந்த அழுத்தமே 1 ஆகும். இரண்டினையும் நேரே இணைத்தாற் சில்லு பழுதுறும். பழுதுறாவிடினும் செய்தி தலைகீழாகும். இடைநின்று மொழிபெயர்க்க ஒரு சாதனம் வேண்டும். உற்பத்தியாளர் பெட்டியாக அமைத்து விற்ற சாதனத்தின் தலையாய பணி இம்மொழிபெயர்ப்பே. மக்ஸ் 232 என்னும் ஒரு சில்லும், அதனோடு இணைக்கப்படும் ஒரு மைக்குரோபரட்டுக் கொள்ளளவிகள் நான்கும் இதனைச் செய்யும். கொள்ளளவிகளை மாறிமாறி மின்னேற்றுவதன் மூலம் 5 வோல்ற்றிலிருந்து ஏறத்தாழ நேர் 10, எதிர் 10 வோல்ற்றுக்களை அச்சில்லு தானே ஆக்கிக்கொள்ளும். ஈயப்பற்று வைக்க அறிந்த எவரும் ஒரு மாலைப்பொழுதில் இதனை முடிக்கலாம்.

இக்காலக் கணினிகளில் ஆர்.எஸ். 232 வாயில் அருகிவிட்டமையால், யூ.எஸ்.பி. வாயிலிலிருந்து நேரே 5 அல்லது 3.3 வோல்ற்றுச் செய்தியைத் தரும் சிறு பலகைகள் அதன் இடத்தைப் பெற்றுள்ளன. அவை மிக்க மலிவானவை. ஆயினும் மலிவில் ஒரு பொறி உண்டு. பெயர்பெற்ற சில்லுகளைப் போலச் செய்யப்பட்ட போலிகள் சந்தையில் மலிந்துள்ளன. 2014 ஆம் ஆண்டில் எப்.ரி.டி.ஐ. நிறுவனம் வெளியிட்ட புதிய இயக்கி, தன் சில்லின் போலிகளைக் கண்டு அவற்றின் அடையாள எண்ணை அழித்துவிட, தாம் வாங்கியது போலி என்பதே அறியாதிருந்தவர் பலர் திடீரெனக் கருவி இழந்து நின்றனர். சில காசு கூடினும் மெய்யான சில்லுடைய வடத்தைத் தேடி வாங்குதலே இறுதியிற் சிக்கனமாம்.

அறிவைப் பொதுவாக்கிய முயற்சி

நான்காவது வழி மென்பொருளைப் பற்றியது. உற்பத்தியாளரின் மென்பொருளுக்கு விலை உண்டு. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி மென்பொருள் வேண்டும். அதனை உரிமையின்றிப் படியெடுத்துப் பயன்படுத்தும் சோதனைக்கு ஆர்வலர் பலர் ஆளாயினர். இந்நிலையில் அமெரிக்க ஆர்வலரான டான் சிமித் என்பவர் சேர்ப் என்னும் மென்பொருளை ஆக்கத் தொடங்கினார். இஃது இலவசமானது, அதன் மூல நிரலும் யாவரும் வாசிக்கவும் திருத்தவும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. பல நிறுவனங்களின் பற்பல வகைக் கருவிகளை இவ்வொரு மென்பொருளாலேயே நிரற்படுத்தலாம். அலைவரிசைகள் யாவும் ஓர் அட்டவணையாகத் திரையில் தோன்றும். திருத்தி முடித்தபின் அவ்வட்டவணையைக் கருவியுள் ஏற்றலாம். விண்டோஸ், லினக்ஸ், மக்கின்ரொஷ் என்னும் மூவகை இயக்க முறைமைகளிலும் அது பயன்படும்.

உற்பத்தியாளர் விளக்கித் தராத கருவியின் உள்ளமைப்பை ஆர்வலர் எவ்வாறு அறிந்தனர் என்பது மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது. கருவியின் நினைவகம் முழுவதையும் கணினிக்குள் வாசித்து ஒரு படியாகச் சேமிப்பர். பின்னர்க் கருவியின் முகப்பிலே ஒரேயொரு விவரத்தை மாற்றி மீண்டும் வாசிப்பர். இரண்டு படிகளையும் ஒப்பிட்டால், வேறுபட்ட இடமே அவ்விவரம் தங்கும் இடமாம். 2012 அளவிலே பரவிய சீனத் தயாரிப்பான பயோவெங் யூ.வி. 5 ஆர் என்னுங் கருவியை இங்கே காட்டலாம். அதனுள் 146.94 மெகாஹேட்சு என்பது, பத்து ஹேட்சை அலகாகக் கொண்டு, 14694000 என எட்டிலக்கங்களாக ஆக்கப்படும். ஆயின் ஈரிலக்கச் சோடிகள் கடைமுதலாகத் திருப்பி, 00, 40, 69, 14 என வைக்கப்படும். முதலிற் காண்பவர்க்கு இது பொருளற்ற எண்வரிசையே. ஒன்றை மாற்றி ஒப்புநோக்கியவர்க்கோ அது தெளிந்த எழுத்தாகும். ஏனையவற்றை மாறாது வைத்து ஒன்றை மட்டும் மாற்றிக் காணும் இம்முறை ஆய்வுகூடத்தில் மாணவர் கற்கும் விஞ்ஞான முறையேயன்றிப் பிறிதில்லை. ஒவ்வொருவர் கண்டதும் பொதுவில் வைக்கப்பட்டமையால், ஒருவர் உழைப்பு ஆயிரவர்க்குப் பயனாயிற்று.

இம்மென்பொருளைப் பயன்படுத்துவோர் தவறாது கைக்கொள்ளவேண்டிய நெறிகள் மூன்று. முதலிற் கருவியிலுள்ளதை வாசித்து, அம்மூலப்படியை மாற்றாது சேமித்து வைத்தல் வேண்டும். பின்னர் எது பிழைத்தாலும் பழைய நிலைக்கு மீள அதுவே துணை. இரண்டாவது, எழுதும் வேளையில் மின்கலம் நிறைந்திருத்தலும் வடம் அசையாதிருத்தலும் வேண்டும். மூன்றாவது, ஒரு கருவியின் படியை, தோற்றத்தில் ஒத்ததெனினும், வேறு வகைக் கருவியுள் ஏற்றலாகாது. செய்தி செக்கனுக்கு 9,600 பிற்று வேகத்திற் செல்லுதலின், சில ஆயிரம் பைற்றுக்களை ஏற்ற ஒரு நிமிட அளவே வேண்டும். அவ்வொரு நிமிடத்துப் பொறுமை கருவியைக் காக்கும்.

கழிபொருளாற் பெறும் பயன் ஒன்றும் இங்குக் கூறத்தக்கது. ஐக்கிய அமெரிக்காவில் 2013 சனவரி 1 முதல், தொழில் வானொலிகள் பல தம் அலைவரிசையின் அகலத்தை 25 கிலோஹேட்சிலிருந்து 12.5 ஆகக் குறுக்குதல் கட்டாயமாயிற்று. அதற்கு இசையாத உறுதிமிக்க பழங்கருவிகள் கழிக்கப்பட்டு, ஆர்வலர் கையை மலிவாக வந்தடைந்தன. ஆர்வலர் வானொலி இவ்விதிக்கு உட்படாமையின், நிரற்படுத்த அறிந்தவர்க்கு அக்கழிபொருள் நற்பொருளாயிற்று.

எளிமையோடு வரும் பொறுப்பு

பளிங்குக் காலத்தில் ஒருவர் பிழைசெய்ய விரும்பினும் அதற்குப் பணமும் பல கிழமைகளும் தேவைப்பட்டன. எண்ணின் காலத்திலோ ஒரு விரலின் தவறே போதும். 146.94 என எழுதவேண்டியவர் 4, 6 என்னும் இரு இலக்கங்களை இடம்மாற்றி 164.94 என எழுதினால், அமெரிக்காவில் அது மத்திய அரசின் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட பகுதியில் விழும். 136 முதல் 174 மெகாஹேட்சு வரை செல்லும் மலிவுக்கருவி அதனைத் தடையின்றி ஏற்று அங்கும் பேசும். மீடிறன் மட்டிசைப்பு முறையில் இரு அலைகள் ஒருங்கே வந்தால், வலியது மெலியதை முற்றாக அமுக்கிவிடும் என்பதையும் சேர்த்து நோக்கின் இதன் தீங்கு புலப்படும். பொருளற்ற ஒரு பேச்சு, தொலைவிலிருந்து மெலிந்து வரும் உதவிக்குரலை ஒருவர் காதிலும் விழாது அழித்துவிடக்கூடும். பேசியவர் தாம் அழித்தது இன்னதென்று ஒருபோதும் அறியார்.

இவ்வபாயங் கருதியே, அங்கீகாரமின்றிப் பிற அலைவரிசைகளிற் பேசவல்ல கருவிகளை இறக்குமதி செய்தலும் விற்றலும் சட்டவிரோதமென அமெரிக்கச் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு 2018 செப்டெம்பரில் எச்சரித்தது. இலங்கையிலும் 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்கீழ் வானொலிச் செலுத்திகளுக்கு அநுமதிப்பத்திரம் வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அநுமதி பெற்ற இந்நாட்டு ஆர்வலர், 4 எஸ் 7 எனத் தொடங்கும் அழைப்புக் குறிகளாற் பேசுவர். கருவி மலிவாகக் கிடைக்கின்றதென்பது அநுமதி கிடைத்ததற்கு ஒப்பாகாது. முதலிற் பாடம், அடுத்துத் தேர்வு, அதன்பின் அநுமதி, இறுதியிற் கருவி என்னும் வரிசையை மாணவர் மாற்றலாகாது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். வானொலியை நிரற்படுத்தும் செலவு குறைந்ததற்குக் காரணம் உலோகமும் சில்லும் மலிந்தமை மட்டுமன்று. ஒருவர் அறிந்ததைப் பலர்க்குங் கூறியமையே பெருங்காரணம். பொருள் கொடுக்கக் குறையும். அறிவு கொடுக்கப் பெருகும். அவ்வாறு பெருகிய அறிவைக் கைக்கொள்வோர், எழுதிய எண்ணைப் பொத்தானை அழுத்துமுன் மற்றொருமுறை ஒப்புநோக்கும் ஒழுக்கத்தையும் கைக்கொள்வராயின், அக்கருவி அவர்க்கும் பிறர்க்கும் காவலாகும். இரண்டினுள் ஒன்று குறையினும் அது கையிலிருக்கும் விளையாட்டுப் பொருளேயாம்.